குவியலின் அடியில் கையை நுழைப்போம்: பழைய டர்ட் பைக் வாங்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்



கல்லூரி வயதுப் பிள்ளைகள் இருக்கும் நம் வீடுகள் பலவற்றில் இன்று ஒரே பேச்சு நடக்கிறது. மகன் கைப்பேசித் திரையை வாப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டுகிறான். “இருபத்தைந்தாயிரம்தான் வாப்பா. வாங்கி நானே பிரித்து வேலை பார்த்துக்கொள்வேன்” என்கிறான். திரையில் சேறு படிந்த டர்ட் பைக் ஒன்று நிற்கிறது. உயரத் தூக்கிய மட்கார்டு, கட்டை கட்டையான டயர், பக்கவாட்டு மூடி ஒன்றைக் காணோம். உம்மாவுக்கு அது ஆபத்தாகத் தெரிகிறது. வாப்பாவுக்கு அது பழைய இரும்பாகத் தெரிகிறது. மகனுக்கோ அது ஆறு மாதம் கழித்து ஏலகிரி ஏறப்போகும் வண்டி.

இந்த ஆசையை நாம் குறை கூறவில்லை. கையால் வேலை செய்து பழகும் பிள்ளை, திரையைத் தடவிக்கொண்டே பொழுதைக் கழிக்கும் பிள்ளையைவிட நல்ல இடத்தில்தான் இருக்கிறான். தம் கையால் உழைத்து உண்பதே சிறந்த உணவு என்றும், நபி தாவூத் (அலை) அவர்கள் அவ்வாறே உண்டார்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். இரும்பை வளைத்துக் கவசம் செய்தவர்கள் அந்த நபி. எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்துகொள்வது நம் பிள்ளைகளுக்கு இழிவன்று.

நம் கவலை வேறு. வண்டி வாங்கப் போகும் பிள்ளை அதைச் சோதிக்காமல் வாங்கிவிடுகிறான். காரணம் கேட்டால், “நம்ம ஆளுதான், ஜும்ஆவுக்குப் பக்கத்து ஸஃப்பில் நிற்பவர்தான், எப்படிப் பிரித்துப் பார்ப்பது?” என்கிறான். மூன்று வாரத்தில் எஞ்சின் கீழிருந்து தட்டத் தொடங்குகிறது. அதன் பிறகு ஸலாம் நிற்கிறது; பிறகு இரு குடும்பங்களும் ஒருவர் வீட்டு நிக்காஹ் அழைப்பை மற்றவர் ஏற்பது நிற்கிறது. இருபத்தைந்தாயிரம் ரூபாய் வண்டிக்காக உறவு முறிந்த குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே வண்டி வாங்குவதைப் பற்றிப் பேசுவதும் மார்க்கத்தைப் பற்றிப் பேசுவதுதான்.

பொருளைச் சோதிப்பது ஆளைச் சந்தேகிப்பது அன்று

ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான அந்த நிகழ்ச்சியை நாம் குத்பாக்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஓர் உணவுத் தானியக் குவியலைக் கடந்து செல்கிறார்கள். நின்று, குவியலுக்குள் கையை நுழைக்கிறார்கள். விரல்களில் ஈரம் படுகிறது. இது என்ன என்று கேட்கிறார்கள். மழையில் நனைந்துவிட்டது என்கிறார் உரிமையாளர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரிக்கிறார்கள்.

அந்த எச்சரிக்கையை நாம் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அதற்கு முன் நடந்ததை மறந்துவிடுகிறோம். நபியவர்கள் கையை நுழைத்துப் பார்த்தார்கள்! மேலே காய்ந்திருந்த தானியத்தைக் கண்டு திருப்தி அடைந்து அவர்கள் நகர்ந்துவிடவில்லை. குவியலின் அடியைப் பார்ப்பது வியாபாரியை அவமதிப்பது என்றால், அதை முதலில் செய்து காட்டியவர்கள் அவர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

‘பள்ளியில் பார்த்த முகம்’ என்ற சான்றிதழ் போதாது என்பதையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் மற்றொருவரைப் பற்றி நற்சான்று சொன்னபோது நடந்ததாக அறிவிக்கப்படும் உரையாடல் புகழ்பெற்றது. நீர் அவருடைய அண்டை வீட்டாரா, அவரோடு பயணம் செய்திருக்கிறீரா, பொற்காசு வெள்ளிக்காசில் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறீரா என்று கலீஃபா வரிசையாகக் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்ற பதிலே வருகிறது. அவர் பள்ளிவாசலில் தலையைத் தாழ்த்தி உயர்த்துவதைப் பார்த்திருப்பீர் போலும், உமக்கு அவரைத் தெரியாது என்று முடிக்கிறார்கள்.

எனவே பிள்ளைகளே, வண்டியின் அருகே டார்ச் விளக்கும் ஸ்க்ரூடிரைவரும் கொண்டு குனிவதற்கு வெட்கப்பட வேண்டாம். நேர்மையான விற்பனையாளர் அதனால் மகிழ்வார். பின்னால் குறை தெரிந்து தம் மீது பழி வராது என்பது அவருக்கு நிம்மதி. முகம் சுளிப்பவரிடம்தான் நாம் இன்னும் ஆழமாகக் கையை நுழைக்க வேண்டும்.

முதலில் காகிதம், பிறகு வண்டி

நம் ஊர்ச் சந்தையில் டர்ட் பைக் என்ற பெயரில் இரண்டு வகை வருகின்றன. ஒன்று, சாலைக்கும் கரடுமுரடான பாதைக்கும் பொதுவாகச் செய்யப்பட்டு முறையாகப் பதிவான வண்டி. 2011இல் ஹீரோ நிறுவனம் கொண்டு வந்த 150 சிசி இம்பல்ஸ், 2019இல் வந்த எக்ஸ்பல்ஸ் 200 ஆகியவை இவ்வகை. மற்றொன்று, பந்தயத்துக்காக மட்டுமே செய்யப்பட்ட வண்டி. அதற்கு விளக்கும் இராது, பதிவெண்ணும் இராது. அதைப் பொதுச்சாலையில் ஓட்டச் சட்டத்தில் இடமில்லை. “இது ஆஃப் ரோடு வண்டி, ஆர்.சி. தேவையில்லை” என்று ஒருவர் சொன்னால், அதை வாங்குபவன் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரைகூட ஓட்ட முடியாது என்பதே பொருள்.

பதிவான வண்டி என்றால் ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். சேஸிஸ் எண் பெரும்பாலும் ஹேண்டில்பாருக்குக் கீழே, சட்டத்தின் கழுத்துப் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் எண் எஞ்சின் அடிப்பெட்டியில் இருக்கும். சேற்றைத் துணியால் துடைத்து, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி அரம் தேய்த்த கீறலோ, அங்கு மட்டும் புதிய வண்ணமோ, எழுத்துகள் கோணலாகவோ இருந்தால், விலை எவ்வளவு மலிவாயினும் ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் அல்லது தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குபவர், திருடியவரின் பாவத்தில் பங்கு கேட்கிறார். நாட்டின் சட்டமும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் அதைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது.

அடுத்து, எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணை இட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர், பதிவு செல்லும் நாள், காப்பீடு, நிதி நிறுவனத்தின் பிடிப்பு ஆகியவை தெரியும். கடன் பிடிப்பு இருந்தால் நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் 35ஆம் படிவமும் வேண்டும்; இல்லையேல் அந்த வண்டி முழுமையாக விற்பவருடையது அன்று. பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். 2012இல் பதிவான வண்டிக்கு 2027இல் முடியும். அதன்பின் வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய், கட்டணங்கள் செலுத்தி, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பாகம் பாகமாகப் பிரித்துப் போட்ட வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு உருட்டிச் செல்ல முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பெயர் மாற்ற 29, 30 ஆகிய படிவங்களில் விற்பவரின் கையொப்பம் தேவை. வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். “வேலை முடிந்ததும் மாற்றிக்கொள்கிறேன் காக்கா” என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் இழுப்பது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. ஆனால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டு வழக்கில் உரிமையாளராகக் கருதப்படுவார் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதாவது நாம் மாற்றாமல் விடும் ஒவ்வொரு நாளும், நமக்கு வண்டி விற்ற மனிதரின் கழுத்தில் நம் சுமையைத் தொங்கவிடுகிறோம். அமானிதம் பேணும் ஒருவர் இதைச் செய்யலாகாது.

இதோடு ஒரு வெள்ளைத் தாளில் விலை, தேதி, நேரம், தெரிவிக்கப்பட்ட குறைகள் ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். அல்பகராவின் 282ஆம் வசனம், உடனுக்குடன் முடியும் வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்று சலுகை தருகிறது. அதே வசனம் வியாபாரம் செய்யும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளவும் சொல்கிறது. எழுதுவது நம்பிக்கையின்மை என்றிருந்தால், குர்ஆனின் மிக நீண்ட வசனம் எழுதுவதைப் பற்றி அமைந்திருக்காது.

சூடான எஞ்சினும் கட்டிவைத்த மடியும்

வண்டியைப் பார்க்கப் போகும் முன் விற்பவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: நாங்கள் வரும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம். போனதும் எஞ்சின் மீது மெதுவாகக் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைக்கக் கிளப்பி வைத்திருக்கிறார் என்று ஐயுற இடமுண்டு. குளிர்ந்த எஞ்சின் உண்மை பேசும். கிளம்ப மறுப்பதும், கிளம்பியவுடன் புகை கக்குவதும், முதல் சில நொடிகளில் தட்டுவதும் அப்போதுதான் வெளிப்படும். சூடானபின் அவற்றில் பல அடங்கிவிடும்.

இந்தத் தந்திரம் புதிதன்று. பால் தரும் ஆட்டையும் ஒட்டகத்தையும் விற்பதற்கு முன் சில நாள் கறக்காமல் விட்டு, மடி பெருத்துத் தெரியச் செய்யும் வழக்கம் அரபு நாட்டில் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அப்படி வாங்கி ஏமாந்தவர் கறந்து பார்த்தபின் வைத்துக்கொள்ளவோ, ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்தோடு திருப்பிக் கொடுக்கவோ உரிமை உண்டு என்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. விற்பதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கி வைப்பதும், தட்டும் சத்தத்தை அடக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றி வைப்பதும், கட்டிவைத்த மடியே அன்றி வேறென்ன?

எஞ்சின் கிளம்பியதும் பின்னால் போய் நில்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. ரிங்கும் பிஸ்டனும் தேய்ந்திருக்கும். போர் வேலை காத்திருக்கிறது. கிளம்பும்போது மட்டும் சிறிது நீலம் வந்து நின்றால் வால்வு சீல் போயிருக்கலாம். அது சிறிய செலவு. கரும்புகை பெரும்பாலும் பெட்ரோல் அதிகமாகச் செல்வதைக் காட்டும். குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வரும் வெண்மை பெரும்பாலும் நீராவிதான்.

பிறகு சத்தம். மேலே டிக் டிக் என்று ஒலிக்கும் டேப்பட் சத்தம் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. கீழே, வயிற்றிலிருந்து வருவதுபோல் ஆழமாகத் தட்டினால் கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்திருக்கலாம். எஞ்சினை இறக்கி, கிராங்க் வரை பிரிக்க வேண்டியிருக்கும். மலிவு விலையில் வாங்கிய மகிழ்ச்சி அங்கேயே முடிந்துவிடும்.

எஞ்சின் கிளம்பவே இல்லை என்றால்? “சின்ன வேலைதான் பாய், கார்புரேட்டர் கழுவினால் ஓடிவிடும்” என்பது எல்லா ஊரிலும் சொல்லப்படும் வாக்கியம். கழுவினால் ஓடும் வண்டியைக் கழுவி ஓடவைத்து அதிக விலைக்கு விற்க அவருக்குத் தெரியாதா? ஓடாத எஞ்சினை முழுவதும் கெட்ட எஞ்சினாகவே கணக்கில் வைத்து விலை பேசுங்கள். பிறகு அது சிறிய வேலையாக முடிந்தால் அல்ஹம்துலில்லாஹ்.

அடியில் இருக்கும் ஈரம்

சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் வந்தபோது எண்ணற்ற இருசக்கர வண்டிகள் நீரில் மூழ்கின. அவற்றில் பல, கழுவி மெருகிட்டு மீண்டும் கைமாறின. அந்தத் தானியக் குவியலும் மழையில்தான் நனைந்தது. மழையில் நனைந்தது விற்பவரின் குற்றமன்று. நனைந்ததை மறைத்ததுதான் குற்றம்.

ஆகவே சீட்டைக் கழற்றச் சொல்லுங்கள். வயர் இணைப்புகளைப் பிரித்துப் பார்த்தால் செம்பில் பச்சை பூத்திருக்கிறதா? ஹெட்லைட் கூட்டுக்குள்ளும் மீட்டர் கண்ணாடிக்குள்ளும் வண்டல் கோடு தெரிகிறதா? எஞ்சின் ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஆயிலை விரலில் தேய்த்து வெயிலில் காட்டுங்கள். வெள்ளித்தூள் போல் மினுங்கினால் உள்ளே உலோகம் தேய்கிறது. பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துத் துருவைப் பாருங்கள். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற நம் கடலோர ஊர்களில் நின்ற வண்டிக்கு வெள்ளமே தேவையில்லை, உப்புக்காற்று போதும். சட்டத்தின் அடிப்பக்கத்தையும், குழாய்கள் சேரும் மூலைகளையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று ஒலிக்க வேண்டிய இடத்தில் சொத்தென்று ஒலித்தால் துரு உள்ளே தின்றிருக்கலாம்.

டர்ட் பைக்குக்கே உரிய கேடு தண்ணீரைவிடத் தூசிதான். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்காமல் இத்தகைய வண்டியை வாங்கவே கூடாது என்போம். ஃபில்டர் அழுக்காக இருப்பது குற்றமில்லை. அழுக்கைப் பிடிப்பதே அதன் வேலை. ஆனால் ஃபில்டரைத் தாண்டி, எஞ்சினுக்குச் செல்லும் குழாயின் உட்புறத்தில் மண் படிந்திருந்தால், அந்த மண் ஏற்கெனவே எஞ்சினுக்குள் போய்ப் பிஸ்டனையும் போரையும் அரைத்திருக்கும். அரை நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனை, எஞ்சினின் பாதி வரலாற்றைச் சொல்லிவிடும்.

இத்தகைய வண்டி விழாமல் இருந்திருக்காது. விழுந்ததா என்று கேட்பதை விட்டு, எப்படி விழுந்தது என்று பாருங்கள். கிளட்ச் லீவர் முனையில் கீறல் இருந்தால் சாதாரண வீழ்ச்சி. ஹேண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்பினால் தட்டி நிற்கும் தடுப்பு நசுங்கியிருந்தால், முன்புறம் பலமாக மோதியிருக்கிறது. கழுத்துப் பகுதி, கால்மிதி பொருந்தும் இடம், ஸ்விங் ஆர்ம் கோர்க்கும் இடம் ஆகியவற்றின் வெல்டிங் ஓரங்களில் மயிரிழைப் பிளவு உண்டா என்று பாருங்கள். மற்ற பாகமெல்லாம் பழையதாக இருக்க, சட்டத்துக்கு மட்டும் புது வண்ணம் அடித்திருந்தால் காரணம் கேளுங்கள். எஞ்சினை மாற்றலாம், சக்கரத்தை மாற்றலாம். பிளந்த சட்டத்தின் மீது பிள்ளையை ஏற்றி மலைப்பாதைக்கு அனுப்ப முடியாது.

ஃபோர்க் குழாயில் ஆயில் வளையம் இருந்தால் சீல் போயிருக்கிறது. அது சிறு செலவு. குழாயின் பளபளப்பு உரிந்து துருப்புள்ளி விழுந்திருந்தால், புதுச் சீல் போட்டாலும் நிலைக்காது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கோன் செட் மாற்ற வேண்டும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் கூடாது. ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினால் ஏறக்குறைய ஒரே ஒலி வரவேண்டும். பின் ஸ்பிராக்கெட்டின் கடைசியில் செயினைப் பிடித்து இழுங்கள். பல்லின் பாதி வெளியே தெரிந்தாலோ, பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தாலோ செயினும் ஸ்பிராக்கெட்டும் முடிந்துவிட்டன. உரிமையாளரின் சம்மதத்தோடு, ஹெல்மெட் அணிந்து, ஆளில்லாத இடத்தில் எல்லா கியரும் விழுகிறதா, விழுந்த கியர் நிற்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.

தலை மழுங்கிய போல்ட்டுகளையும், எஞ்சின் இணைப்புகளில் பிதுங்கி நிற்கும் பசையையும் கண்டால், பழகாத கை ஒன்று ஏற்கெனவே உள்ளே போய் வந்திருக்கிறது என்று அறியுங்கள். மற்றொருவர் பாதியில் விட்ட வேலையைத் தொடர்வது, புதிதாகத் தொடங்குவதைவிடக் கடினம்.

மலிவின் கணக்கு

வாங்கும் விலை மட்டும் விலையன்று. கணக்குக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். வண்டி 25,000 ரூபாய். எஞ்சின் வேலை 12,000. ஃபோர்க், கோன் செட், செயின் ஸ்பிராக்கெட், பேரிங்குகள் 8,000. டயர்கள் 6,000. பெயர் மாற்றமும் காப்பீடும் 5,000. நல்ல ஹெல்மெட், பூட்ஸ், கையுறை 5,000. மொத்தம் 61,000 ஆகிவிட்டது. எதிர்பாராத செலவு இன்னும் சேரவில்லை. இதே தொகைக்கு ஓடும் நிலையிலுள்ள வண்டி கிடைக்குமானால், நாம் வாங்கியது மலிவான வண்டியன்று.

உற்பத்தி நின்றுபோன மாடலாயின், சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று முதலில் விசாரித்து, விலைப்பட்டியல் ஒன்றை எழுதிக்கொண்டு பிறகு வண்டியைப் பார்க்கப் போங்கள். வேலை கற்பதற்காகவே வாங்குகிறோம் என்றால் அதிகம் கொடுப்பதிலும் தவறில்லை. கற்றுக்கொண்டதும் ஒரு வரவுதான். ஆனால் அதைத் தெரிந்து கொடுக்க வேண்டும். வட்டிக்கு வாங்கிக் கொடுக்கக் கூடாது. ஹராமான பணத்தில் கட்டிய எஞ்சினில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியுமா?

வாங்குபவரின் நேர்மை

இதுவரை விற்பவரை நோக்கியே விரல் நீட்டினோம். இனி விரலைத் திருப்புவோம்.

குறையைக் கண்டுபிடிப்பது உரிமை. இல்லாத குறையைக் கற்பிப்பது பொய். எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தும் “எல்லாம் போச்சு, இரும்புக் கடைக்குத்தான்” என்று சொல்லி விலை குறைப்பதும் மோசடியே. நம் தெருக்களில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் வண்டிகள் பல, ஓட்டியவர் வஃபாத்தாகிவிட்டதாலோ வெளிநாடு போய்விட்டதாலோ நிற்பவை. விற்பவர் ஒரு விதவைத் தாயாக இருப்பார். சந்தை விலை அவருக்குத் தெரியாது. “எவ்வளவு கொடுத்தாலும் சரி தம்பி” என்பார். அந்த இடத்தில்தான் நம் பிள்ளையின் ஈமான் சோதிக்கப்படுகிறது.

ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் வரலாற்றை இங்கு நினைவூட்டுகிறோம். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபியவர்களிடம் உறுதிமொழி அளித்தவர் அவர். அவருக்காக 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரை வாங்கப்பட்டது. குதிரையைக் கண்டதும், இது அதைவிட அதிகம் பெறும் என்று விற்றவரிடம் அவரே சொல்லி, நூறு நூறாக உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்ததாக அறிவிக்கப்படுகிறது. கேட்ட விலையை வாங்கியவரே உயர்த்திக் கொடுத்த வரலாறு இது! ஜாபிர் (ரலி) அவர்களின் களைத்துப்போன ஒட்டகத்தை வழியில் விலைபேசி வாங்கிய நபி (ஸல்) அவர்கள், மதீனா சேர்ந்ததும் விலையையும் கொடுத்து ஒட்டகத்தையும் திருப்பிக் கொடுத்ததை நாம் அறிவோம். அந்த உயரத்தை நாம் எட்ட முடியாமற் போகலாம். அந்தத் தாயிடம், “பெரியம்மா, இதன் விலை இவ்வளவு, வேலை இவ்வளவு இருக்கிறது, அதனால் நான் இவ்வளவு தருகிறேன்” என்று உண்மையைச் சொல்லவாவது நம்மால் முடியும்.

மற்றொன்றும் உண்டு. மரணித்தவரின் வண்டி அவருடைய வாரிசுகள் அனைவருக்கும் உரியது. மூத்த மகன் மட்டும் சாவியைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டால், தாயின் பங்கும் சகோதரிகளின் பங்கும் சிறுவர்களின் பங்கும் அதில் கலந்திருக்கின்றன. அனைவரின் சம்மதமும் உண்டா என்று வாங்குபவர் கேட்க வேண்டும். சட்டத்திலும் முதலில் 31ஆம் படிவத்தின் வழியே வாரிசின் பெயருக்கு மாற்றிய பின்னரே நம் பெயருக்கு வரும். யதீமின் பங்கு கலந்த வண்டியில் மலையேறி என்ன பயன்?

இன்று வாங்கும் பிள்ளை நாளை விற்பான். கூஃபாவில் துணி வியாபாரம் செய்த இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள், குறையுள்ள துணியைக் காட்டித்தான் விற்க வேண்டும் என்று தம் கூட்டாளியிடம் சொல்லியிருந்தும் அவர் மறந்து விற்றுவிட்டபோது, வாங்கியவரைக் கண்டறிய முடியாமல் அந்த விற்பனைப் பணத்தைத் தர்மமாகக் கொடுத்துவிட்டதாக வரலாறு கூறுகிறது. ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதி வாங்கினால் விற்பவரின் பொறுப்பு எந்த அளவு நீங்கும் என்பதில் மத்ஹபுகளிடையே நுணுக்கமான வேறுபாடுகள் உண்டு. அவற்றை ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம். ஆனால் தெரிந்த குறையை மறைத்து விற்க ஷாஃபிஈ, ஹனஃபி இரண்டிலும் அனுமதி இல்லை. ஆகவே வேலை தொடங்கும் நாளிலிருந்து ஒரு குறிப்பேடு வையுங்கள். எந்தப் பாகம் புதிது, எது பழையது, எதை வெல்டிங் செய்தோம் என்று எழுதுங்கள். விற்கும் நாளில் அதை வாங்குபவரின் கையில் கொடுங்கள். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும் என்றும், மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பேடு பரக்கத்தின் வாசல்.

பெற்றோரிடம் ஒரு சொல்

வாப்பாக்களே, “வேண்டாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு விலகாதீர்கள். மறுக்கப்பட்ட ஆசை நண்பனின் வீட்டுக் கொல்லையில் உங்களுக்குத் தெரியாமல் நின்றுகொண்டிருக்கும். உடன் செல்லுங்கள். ஊரில் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை, அவருடைய அரை நாள் கூலியைக் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லை என்றால் சாவியைக் கொடுக்காதீர்கள். சிறுவன் ஓட்டிக் குற்றமிழைத்தால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அதற்குள் பிரிக்கவும் பூட்டவும் கற்றுக்கொள்ளட்டும். ஓட்டுவதற்குக் காலம் இருக்கிறது. உம்மாக்களே, ஹெல்மெட்டின் விலையை வண்டி விலையில் சேர்த்துவிட்டுப் பிறகு சம்மதம் சொல்லுங்கள்.

குனிந்து, சேற்றைத் துடைத்து, எண்ணை ஒப்பிட்டு, உண்மையைச் சொல்லி, விலை பேசி, எழுதி, ஸலாம் கொடுத்துப் பிரியும் ஓர் இளைஞனை மனக்கண்ணில் காணுங்கள். விற்றவர் ஏமாறவில்லை, அவனும் ஏமாறவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கலாம். அந்த நிற்றலைக் காப்பதற்காகவே குவியலின் அடியில் கையை நுழைக்கச் சொல்கிறோம்.

நம் பிள்ளைகளின் கைகளுக்குத் தொழிலையும், நாவுகளுக்கு உண்மையையும், பயணங்களுக்குப் பாதுகாப்பையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.